சுண்டுவிரல் தெரியும் படம்

"அண்ணி, நீங்க போட்ட படத்துல இருக்கற கை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

போன வாரம் நம் போட்டோக்காரியைப் பஸ் ஸ்டாப்பில், காதும் கைப்பேசியுமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். எதிர்முனையில் அவளுடைய நாத்தனார். வெளியூரில் குடித்தனம் நடத்துகிறவள். காலை நேரத்தில் கூப்பிட மாட்டாள். கூப்பிட்டால், பல் தேய்த்தீர்களா என்பது வரைக்கும் விசாரிக்காமல் விட மாட்டாள். இன்று ஒரு விசாரிப்பும் இல்லை, நேராகக் கைக்கு வந்துவிட்டாள்.

"யாரோ வகுப்புக்கு வர்ற அம்மா. டீச்சர் எடுத்து அனுப்பினாங்க. ஏன் கேக்கற?"

"சுண்டுவிரலைப் பாருங்க. பாத்துட்டுக் கூப்பிடுங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

போட்டோக்காரி என்பது வீட்டில் மாமனார் வைத்த பெயர். அவளிடம் கேமரா கிடையாது, கைப்பேசிதான். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காமலே வளர்ந்துவிட்ட பெரியவர்களுக்கு, சாயங்கால நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஓர் அமைப்பில் வேலை. ஊருக்குள் நாலைந்து இடத்தில் வகுப்பு நடக்கிறது. அமைப்பின் இணையப் பேஜில் தினமும் என்ன படம் போடுவது, என்ன எழுதுவது என்பதெல்லாம் இவள் பொறுப்பு.

வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். அதனால் முகம் வரவே கூடாது என்பது சட்டம். "முகம் வேண்டாம், கை போதும்" என்று டீச்சர்களுக்கு அவள்தான் பாடம் எடுத்தாள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காதீர்கள், மேஜை மட்டத்துக்குக் குனியுங்கள். லென்ஸை முந்தானையில் ஒரு துடை துடையுங்கள், பாதிப் படம் மங்கலாவது அந்த எண்ணெய்ப் பிசுக்கால்தான். கேட்காமல் எடுக்காதீர்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மிச்சம் என்றால் வெட்டுவது. ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோ, குடையோ, யாருடைய செருப்போ தெரிந்தால் அவள் ஈவு இரக்கம் பார்க்க மாட்டாள்.

அப்படி வெட்டிப் போட்ட படம்தான் இது. ஜன்னலிலிருந்து சாயும் வெயிலில் ஒரு முதிய கை, பென்சிலை அழுத்திப் பிடித்திருக்கிறது. நரம்பு புடைத்திருக்கிறது. காகிதத்தில் வரிகள் வலது பக்கமாகச் சரிந்து இறங்குகின்றன. முந்தாநாள் போட்டதும் பேஜே அல்லோலகல்லோலப்பட்டது. யார் யாரோ பகிர்ந்தார்கள். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்போது அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயிற்று. அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. நகம் பாதிதான்.

நாத்தனார் சின்னக் குழந்தையாக இருந்தபோது இரும்பு கேட் சாத்திக்கொள்ளப் போனது. குழந்தையின் கை நசுங்காமல் இருக்க, குறுக்கே வேறொரு கை நீண்டது. அந்தக் கையின் விரல் அப்படி ஆனது. இந்தக் கதையை நாத்தனார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அது போட்டோக்காரியின் மாமியாருடைய கை.

போட்டோக்காரிக்கு முதலில் புரியவில்லை. அத்தை எதற்கு அங்கே போனாள்? சாயங்காலம் கால் நீட்டி நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறவள் அல்லவா?

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. "என் கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன், நீயே படி." "கண்ணெல்லாம் எரியுது, என்ன போட்டிருக்குன்னு சொல்லு." மாத்திரையை நிறம் பார்த்து எடுக்கும் அத்தை. பஸ் போர்டை நிமிர்ந்து பார்க்காமல், பக்கத்தில் நிற்கிறவளிடம் பேச்சுக் கொடுக்கும் அத்தை. அது கண் கோளாறு என்றுதான் இந்த வீடே நினைத்துக்கொண்டிருக்கிறது. கண் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்ததும் இவள்தான்.

தினமும் அந்தக் கை போடும் சோற்றைத்தான் போட்டோக்காரி சாப்பிடுகிறாள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் வந்து விழுவது அந்தக் கைதான். படத்தில் வெளிச்சத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள். கையைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

அருவருப்புக்குப் பின்னாலேயே பயம் வந்தது. மாமா பார்த்துவிட்டால்?

மாமனாரைப் பற்றி வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்க்கிறவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் சிவப்புப் பேனா. கல்யாணப் பத்திரிகை வந்தால் வாழ்த்துவதற்கு முன்னால் பிழை திருத்துவார். எதிர்வீட்டு 'டு லெட்' பலகையைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. காலையில் பேப்பர் வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மனைவி கேட்டுக்கொண்டே வேலை செய்வாள். எழுத்துத் தெரியாதவர்களைப் பற்றி அவர் சொல்லும் வேடிக்கைக் கதைகளுக்கும் அவள்தான் முதல் ரசிகை. எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு போட்டோக்காரியின் ஞாபகத்துக்கு வந்தது. நின்ற இடத்திலேயே பேஜைத் திறந்து, படத்தை நீக்கிவிட்டாள்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அமைப்பை நடத்தும் மேடம் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கை எங்க? காலையில ரெண்டு பேர் எனக்குப் போன் பண்ணிட்டாங்க. ஏன் எடுத்த?"

"ஒரு சின்ன சந்தேகம், மேடம். அவங்ககிட்ட சரியாக் கேட்டாங்களான்னு."

"டீச்சர் கேட்டுட்டுத்தானே அனுப்பினாங்க. சந்தேகம் இருந்தா போடறதுக்கு முன்னாடி வரணும்."

உண்மையைச் சொன்னால் அத்தையின் ரகசியம் ஆபீஸ் முழுக்கப் பரவும். சொல்லாவிட்டால் இவள் வேலை தெரியாதவள் என்று ஆகும். இரண்டில் எது பரவாயில்லை என்று யோசிக்க அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை.

"தப்புதான், மேடம்."

"சரி விடு. பேஜ்ல இல்லன்னா என்ன, நாளைக்கு ஆண்டுக் கூட்டத்துக்கு அதையேதான் பேனரா போடச் சொல்லியிருக்கேன். மேடைக்குப் பின்னாடி முழுசா அந்தக் கைதான். நேத்தே பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சு."

எந்த பிரஸ் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த பிரஸ்ஸைப் பிடித்துக் கொடுத்ததே இவள்தான், மாமனார் சிபாரிசில்.

தலைவலி என்று சொல்லிவிட்டு பிரஸ்ஸுக்கு ஆட்டோ பிடித்தாள். தலை உண்மையிலேயே வலிக்கத்தான் செய்தது. ஆட்டோவில் உட்கார்ந்தபடி டீச்சரைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கைப் படம் எடுத்தீங்களே, அந்தம்மாகிட்ட என்ன சொல்லிக் கேட்டீங்க?"

"நான் எங்க கேட்டேன்? அவங்களேதான் என்னைக் கேட்டாங்க. 'மத்தவங்களை எல்லாம் எடுக்கறியே, என் கையை எடுக்க மாட்டியா'ன்னு."

போட்டோக்காரி கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"'இதையெல்லாம் பேஜ்ல போடறது யாரு'ன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னேன். 'அப்ப சரி, எடு'ன்னு சொல்லி ஜன்னலோரமா வந்து உக்காந்துட்டாங்க. ஒரே ஒரு தகராறுதான். மேஜைமேல அவங்க பை இருந்துச்சு. நீங்க சொல்லித்தந்த மாதிரி அதை எடுத்துக் கீழ வைக்கப் போனேன். தொடவே விடல. 'அது இருக்கட்டும்'னாங்க. சரி, நீங்க பாத்து வெட்டிக்குவீங்கன்னு அப்படியே அனுப்பிட்டேன்."

"ஒரிஜினல் என்கிட்ட இருக்கு. அப்புறம் பேசறேன்."

ஆட்டோ குலுக்கிய குலுக்கலில் தேடி எடுத்தாள். வெட்டாத படம். கைக்குப் பக்கத்தில், வலது ஓரத்தில், நீலக் கட்டம் போட்ட துணிப்பை. மஞ்சள் கைப்பிடி. அமைப்பில் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் அத்தைக்கு அவள் வாங்கிக் கொடுத்தது. சும்மா கிடந்த பை இல்லை அது. கைப்பிடி இரண்டும் நிமிர்ந்து, நன்றாகத் தெரியும்படி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

அதைத்தான் குப்பை என்று நினைத்து வெட்டி எறிந்திருக்கிறாள்.

அத்தை தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளுக்கு மட்டும் தெரியட்டும் என்று அடையாளம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். படம் வெளியான அன்று இவளோ வீட்டுக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு, "இன்னைக்கு ஒரு படம் பிச்சுக்கிட்டுப் போகுது, அத்தை" என்று பெருமை அடித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள். "அப்படியா, என்ன படம்?" என்று கேட்டாளே அத்தை. "யாரோ ஒரு அம்மாவோட கை" என்றல்லவா பதில் சொன்னாள்.

போட்டோக்காரி ஆட்டோவிலேயே அழுதாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வண்டியை நிதானமாக ஓட்டத் தொடங்கினார்.

பிரஸ்ஸில் மையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. பேனர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்த முடியாதும்மா, பாதி வந்தாச்சு," என்றார் முதலாளி. "ஏதாவது மாத்தணும்னா உங்க மாமாவைக் கேளு. அவர்தான் நின்னு பாத்துக்கிட்டிருக்கார்."

மாமனார் மெஷினின் வாய்ப் பக்கம் குனிந்து நின்றிருந்தார். உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கை வந்துகொண்டிருந்தது. முதலில் ஜன்னல் வெயில். அப்புறம் மணிக்கட்டு. அப்புறம் புடைத்த நரம்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் போட்டோக்காரி மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் தலையணை அளவுக்குச் சுண்டுவிரல், அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

அவர் அதைத் தாண்டிக் கையை நீட்டி, அடியில் இருந்த வாசகத்தைப் பிடித்தார். பேனாவால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். திரும்பி ஒரு தடவை போனார்.

"பிழை இல்ல," என்றார். அப்போதுதான் மருமகளைப் பார்த்தார். "அட, போட்டோக்காரி. உன் வேலையா இது? படம் நல்லா வந்திருக்கு. ஆனா அந்தம்மா எழுத்தைப் பாரு, எல்லாம் மலை இறங்குது. இந்த வயசுக்கு மேல இது எதுக்கு? பேரன் பேத்தியை விட்டுப் படிக்கச் சொன்னா ஆச்சு."

சிரித்தார். முதலாளியும் சேர்ந்து சிரித்தார்.

"சிரிக்காதீங்க, மாமா."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல, மாமா. வெயில்ல வந்தேன்."

அவர் தெரிந்துகொள்ளவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும் அவளுக்கு. ஆனால் வெளியே வந்து தெருவில் நின்றபோது கோபமாக வந்தது. ஆயுசு முழுக்க அவர் தட்டில் சோறு போட்ட கை. அது எப்படித் தெரியாமல் போகும்? அடுத்த நொடியே, எனக்கு மட்டும் தெரிந்ததா என்ற நினைப்பு வந்து கோபத்தை அமுக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தாள். கணவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். மாமியார் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் நீலக் கட்டப் பை தொங்கியது.

"டீச்சர் போன் பண்ணினா," என்றாள் மாமியார், தலை நிமிராமல். "படத்தை எடுத்துட்டியாமே."

"அத்தை..."

"அவமானமா இருந்துச்சா?"

கத்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. போட்டோக்காரி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சத்தியமா இல்ல, அத்தை. மாமா பாத்துடுவாரோன்னு பயந்துட்டேன். இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

"யார் சொன்னா?"

"உங்க பொண்ணு."

கத்தி நின்றது. மாமியாரின் முகத்தில் ஒரு நிமிஷம் சந்தோஷம் வந்துவிட்டுப் போயிற்று. "அவளுக்கு அந்த விரல் மறக்காது," என்றாள். பிறகு கேட்டாள்: "பையை எதுக்கு வெட்டின?"

"ஓரத்துல சாமான் இருந்தா கண்ணு அங்க போயிடும், அத்தை. அதனால வழக்கமா வெட்டிடுவேன்."

"கண்ணு அங்க போகணும்னுதான் நான் வெச்சேன்."

போட்டோக்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய ஈரத்தோடு இருந்தது. மாமியார் விடுவித்துக்கொள்ளவில்லை.

"என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே, அத்தை."

"வாய் வரலையே. பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வீட்ல எட்டாவது படிச்சிருக்கான்னு சொல்லிட்டாங்க. அன்னைக்குப் பூட்டின வாய். அப்புறம் எல்லாத்துக்கும் கண்ணாடி, கண்ணாடின்னு சொல்லிச் சொல்லி, அந்தக் கண்ணாடிக்கே கண்ணு போயிருக்கும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீ பெரியவங்களுக்கு எழுத்துச் சொல்லித்தர்ற இடத்துல வேலைன்னு வந்து சொன்ன பாரு, அன்னைக்குத்தான் எனக்குத் துணிச்சல் வந்துச்சு. கத்துக்கிட்டதும் மொதல்ல உனக்குத் தெரியணும்னு நினைச்சேன். நீ பாத்துட்டு ஓடி வந்து ஏதாவது கேப்ப, அதைப் பிடிச்சுக்கிட்டு அவர்கிட்டயும் சொல்லிடலாம்னு இருந்தேன். நீ வரவே இல்ல."

"மறுபடியும் போடறேன், அத்தை. பையோட போடறேன்."

"மொதல்ல அவர்கிட்ட சொல்லணும். வெளியில இருந்து தெரிஞ்சு, அவர் வாயில விழுந்து எந்திரிக்க என்னால முடியாது. வகுப்பையே விட்டுடுவேன்."

பேனரைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று போட்டோக்காரிக்குத் தோன்றியது. ஆனால் இதை மறைத்தால் இரண்டாவது தடவை வெட்டியது போல ஆகிவிடும்.

"அத்தை, அந்தப் படம் நாளைக்குப் பேனரா வருது. மாமா பிரஸ்ல. இன்னைக்கு நான் அங்கதான் போயிட்டு வரேன்."

"பாத்தாரா?"

"பாத்தார். ஆனா கையைப் பாக்கல. எழுத்தைத்தான் பாத்தார்."

"என்ன சொன்னார்?"

அவள் பேசவில்லை.

"சிரிச்சாரா?"

மாமியார் கத்தியை எடுத்து, மிச்சமிருந்த வெங்காயத்தை நறுக்கி முடித்தாள்.

"சிரிச்சிருப்பார்," என்றாள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மாமனார் தோளில் நீளமான குழாய்ச் சுருளைச் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"போட்டோக்காரி, உன் பேனரை நானே கொண்டுவந்துட்டேன். நாளைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிடு. வா, வீட்ல எல்லாரும் பாக்கட்டும். என்னமோ என்மேல கோவம் உனக்கு, எதுக்குன்னு தெரியல. அதுக்காக வேலை நல்லா இருக்கறதைச் சொல்லாம இருக்க முடியுமா?"

"இப்ப வேண்டாம், மாமா. காலையில பாத்துக்கலாம்."

"பிரிச்சு ஆற வைக்கணும், இல்லன்னா மை ஒட்டிக்கும்."

நாற்காலியை ஒதுக்கிவிட்டுக் கூடத்துத் தரையில் உருட்டிவிட்டார். சுவருக்குச் சுவர் கை விரிந்தது. ஆனால் சுருட்டி வந்த பேனர் சொன்னபடி கேட்குமா? ஒரு ஓரத்தை அமுக்கினால் மறு ஓரம் எழும்பியது. அவர் ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இங்க வா. வந்து அந்த ஓரத்தைப் பிடி."

போட்டோக்காரி எழுந்தாள். "நான் பிடிக்கிறேன், மாமா."

மாமியார் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். தரையில் கிடந்த தன் கையை ஒரு முறை முழுக்கப் பார்த்தாள். பிறகு அடிப்பக்கம் உட்கார்ந்து, எழும்பி நின்ற ஓரத்தைத் தன் வலது கையால் அமுக்கினாள். பெரிய சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், அதே வளைவோடு, அதே பாதி நகத்தோடு ஒரு சின்னச் சுண்டுவிரல்.

மாமனார் அதைக் கவனிக்கவில்லை. காலைப் பேப்பருக்குத் தொண்டையைச் செருமுவது போலச் செருமிக்கொண்டார்.

"கீழ என்ன போட்டிருக்குன்னா..."

"இருங்க," என்றாள் அவள். "நான் படிக்கிறேன்."

அவர் நிமிர்ந்தார். முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் கையை. அப்புறம் பேனரை. அப்புறம் திரும்பவும் கையை.

அவள் யாரையும் பார்க்கவில்லை. இடது கை விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்தாள்.

"இங்... கே," என்றாள். விரல் நகர்ந்தது. "எவ... ரும்..."

மாமனார் முழங்கால் அழுத்தத்தை விட்டுவிட்டார். அவர் பக்கத்து ஓரம் சுருண்டு மேலே எழும்பி, பாதி வாசகத்தை மூடிக்கொண்டது. அடுத்த வார்த்தை அதற்குள் போய்விட்டது.

அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.

"பிடிங்க," என்றாள். "இன்னும் முடியல."